இடது பக்கம் இழுத்த கார்

காரில் ஒரு கீறல்கூட விழவிடாத மனுஷன் என்று லிஃப்ட்காரருக்கு ஒரு பேர் இருந்தது. அடுக்குமாடிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் வேலை. காலையில் கருவிப் பையைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினால், கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை பாதிப் பொழுது ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் போகும். கிரீஸ் பட்ட கையோடு கார்க் கதவைத் தொடமாட்டார். லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் இறங்கி உடம்பெல்லாம் அழுக்கானாலும், கட்டடத்துக் குழாயடியில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாவியை வெளியே எடுப்பார்.

"என்னைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது இப்படிக் கை கழுவியிருக்கீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"உன்மேல கீறல் விழாது" என்பார் அவர்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் மேற்பார்வை பார்த்தாள். ஒரே மகன் வெளியூரில் தங்கிப் படித்தான். வீட்டில் இரண்டே பேர், ஒரு கார். மூன்றாவது ஆள் போலத்தான் அதை நடத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இருந்த வெற்றுத் தளத்தில் கார்ப் பைத்தியங்கள் கூடும். கூட்டம் என்று சொல்லிக்கொள்கிற அளவு ஒன்றுமில்லை. நான்கு பேர் தவறாமல் வருவார்கள், மற்றவர்கள் வந்தால் உண்டு. லிஃப்ட்காரர் ஒருவர். டயர்க் கடை வைத்திருந்த அவருடைய பழைய சிநேகிதர் இன்னொருவர், கல்யாண வீட்டில் பார்த்தால்கூட முதல் கேள்வியாக "காத்து பார்த்தியா?" என்று கேட்பதால் அவருக்குக் 'காத்து' என்றே பெயர் விழுந்துவிட்டது. மூன்றாமவர் தபால் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டியைக் காட்டினாலும் "எவ்வளவு குடுக்குது?" என்பதைத் தவிர வேறு கேள்வி தெரியாது என்பதால் 'மைலேஜ்'. நான்காவது, பல் மருத்துவரான டாக்டரம்மா. அந்த நால்வரில் புதுசு புதுசாக வண்டி மாற்றக்கூடியவர் அவர்தான்.

டாக்டரம்மா பேட்டரிக் கார் வாங்கிய வருஷம் அது. அதைச் சுற்றி ஒரு மாதம் பட்டிமன்றமே நடந்தது.

"சத்தமே இல்லையேன்னு சந்தோஷப்படாதீங்க டாக்டரம்மா. இன்ஜின் சத்தம் இல்லாததால டயர் சத்தம் முழுசா காதுக்கு வரும்" என்றார் காத்து. "அதோட பேட்டரி கனம் வேற. சாதாரண டயர் போட்டா பென்சில் சீவற மாதிரி தேஞ்சுரும்."

"உங்ககிட்ட டயர் வாங்குனா தேயாதாக்கும்?"

"தேயும். ஆனா நம்ம கடையில வாங்குனதுன்னு ஒரு திருப்தி இருக்கும்ல."

மைலேஜ் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார். "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு குடுக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதே வருஷம்தான் லிஃப்ட்காரரும் தன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு அடர்நீலத்தில் ஒரு புதுக் கார் எடுத்தார். தளத்துக்குக் கொண்டுவந்த அன்று மணமகளைப் பார்க்க வந்தவர்கள் போல எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். காத்து உட்கார்ந்து டயரை உள்ளங்கையால் தடவினார், நகத்தால் அதன் வரிப்பள்ளங்களின் ஆழம் பார்த்தார். "மழைக்கு நல்லாப் பிடிக்கும். பிரேக் அடிச்சா நிக்கும்" என்று சான்றிதழ் கொடுத்தார். லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெருமையை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

சில வாரங்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேநீர்க் குவளையும் கையுமாக நின்றபோது, அவர் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார்:

"வண்டி லேசா இடது பக்கம் இழுக்குதுப்பா."

கார்ப் பைத்தியங்கள் நடுவில் இப்படி ஒரு வார்த்தையைப் போட்டால் போதும், எலும்புத் துண்டைப் போட்ட மாதிரிதான். டாக்டரம்மா, ரோடே இடது பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள், மழைத் தண்ணீர் ஓடுவதற்கு, என்றார். காத்து, டயரின் உள்பின்னல் ஒரு பக்கம் கூடக்குறைய இருந்தால் புதுசிலேயே இழுக்கும், இரண்டு முன் டயரையும் இடம் மாற்றிப் பார்க்கலாம் என்றார். மைலேஜ் மட்டும் தேநீரை உறிஞ்சிவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார்.

லிஃப்ட்காரரும் சேர்ந்துதான் சிரித்தார். ஓட்டுகிறவர்களில் அவரை விடக் கெட்டிக்காரர் அங்கே யாருமில்லை. அதனால்தான் அது வேடிக்கையாக இருந்தது.

காத்து மறுநாளே டயரை மாற்றிப் போட்டார். காற்று சரிபார்த்தார். சக்கரங்கள் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் அலைன்மென்ட் மேடையில் ஏற்றினார். கோடு போட்டது போல எல்லாம் சரியாகக் காட்டியது. ஆனால் முதலில் டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோதே ஒன்றைக் கவனித்திருந்தார். இடது முன் டயரின் பக்கச்சுவரில் பிறை பிறையாக வெட்டுகள். பின் டயரிலும் அதேபோல.

"என்னப்பா, பிளாட்பாரத்துல ஏத்தி ஏத்தி இறக்குறியா?"

"நானா?" லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. "வேலை பார்க்கிற இடத்துல வண்டிய விட்டுட்டு மேல போறேன். எவன் எடுத்து நகத்துனானோ."

"பூட்டுன வண்டிய எப்படி நகத்துவான்?"

லிஃப்ட்காரர் குனிந்து அந்த வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். காத்துவும் வற்புறுத்தவில்லை. கடையில் வேறு வண்டி வந்து நின்றது, போய்விட்டார்.

வண்டி தொடர்ந்து இழுத்தது. லிஃப்ட்காரர் தன்னளவில் சத்தியமாகத்தான் சொன்னார். நேராகத்தான் பிடித்துக்கொண்டு போவார். திடீரென்று இடது சக்கரம் எதிலாவது உரசும், அல்லது பின்னால் வருகிறவன் நீளமாக ஹாரன் அடிப்பான். மழைக் காலத்தில் ஒருநாள் மனைவி இடப்பக்கக் கதவில் நீளமாக ஒரு நசுங்கலைக் காட்டினாள்; நிறுத்தின இடத்தில் எவனோ இடித்துவிட்டான் என்றார். இன்னொரு நாள் கடைத்தெருவில் கம்பத்தில் பட்டு இடப்பக்கக் கண்ணாடி மடங்கி உடைந்தது. இறங்கிப் போய்க் கம்பத்தைப் பார்த்தார். துருவேறிய பழைய கம்பம். தினம் அந்த வழியாகத்தான் போகிறார். ஆனால் அதை இதற்கு முன்னால் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை. கடைக்காரரிடம், "இத எப்ப நட்டாங்க?" என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா காலத்துல" என்றார்.

வேலையிலும் என்னவோ சரியில்லை. லிஃப்ட் பெட்டி மேலும் கீழும் போவது இரண்டு இரும்புத் தண்டவாளங்களுக்கு நடுவில். இரண்டுக்கும் எண்ணெய் விடவேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் அவர் பராமரிப்பு முடித்துவிட்டுப் போன மறுநாள், லிஃப்ட் கிறீச்சிடுகிறது, நோயாளிகள் ஏறப் பயப்படுகிறார்கள் என்று புகார் வந்தது. மேலாளர் போய்ப் பார்த்தார். வலது தண்டவாளம் பளபளவென்று இருந்தது. இடது காய்ந்து கிடந்தது.

"பாதி வேலை பார்த்துட்டு வந்துருக்கீங்க" என்றார் மேலாளர்.

"ரெண்டுக்கும் விட்டேன் சார். என் கையாலதான் விட்டேன்."

"அப்ப இடது பக்க எண்ணெயக் காக்கா குடிச்சிருச்சா?"

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லிப் பொருமினார். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அவர் சாப்பிட்டு எழுந்தபோது தட்டைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவர் காயைத் தொடுவதே இல்லை.

"கத்திரிக்காய் பிடிக்கலைன்னா சொல்லித் தொலைங்களேன். தினம் இப்படி ஒதுக்கி வச்சா என்ன அர்த்தம்?"

"கத்திரிக்காய் எங்க வச்ச?"

அவள் கேலி என்று நினைத்தாள். தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இடது ஓரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல" என்றார். காலையில் சவரம் செய்தபோது இடது தாடையில் ஒரு பட்டை முடி அப்படியே நின்றிருந்ததும் அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் பேச்சு சுவாரசியம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு மறதி வருவது ஊரில் இல்லாத அதிசயமா என்று எண்ணி விட்டுவிட்டாள்.

முதலில் சந்தேகம் தட்டியது டாக்டரம்மாவுக்கு. அவருடைய வண்டி சர்வீஸுக்குப் போயிருந்த ஒரு நாள், லிஃப்ட்காரர் அவரைக் கிளினிக்கில் இறக்கிவிட்டார். டாக்டரம்மா அவருக்கு இடப்பக்கம், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சிக்னலில் வண்டி நின்றபோது, புதிதாக வந்த ஒரு டயரின் படத்தைத் தொலைபேசியில் எடுத்து, "இதப் பாருங்க" என்று அவர் பக்கமாக நீட்டினார். லிஃப்ட்காரர் நேரே பார்த்துக்கொண்டு, "எத?" என்றார்.

"இதத்தான்."

"சொல்லுங்க, எத?"

டாக்டரம்மா கையை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். விளக்கு பச்சையானது. வண்டி கிளம்பியது. மீதி வழி முழுக்க அவர் இருக்கைப் பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "ஒரு தடவை கண்ணக் காட்டிடுங்களேன். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

லிஃப்ட்காரர் தப்பாகத்தான் நினைத்தார். ஆனாலும் ரோஷத்தில் அன்றைக்கே கண்ணாடிக் கடைக்குப் போனார். கடையில் எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கடைசி வரியில் எறும்பு போல இருந்த எழுத்துவரை தட்டுத்தடுமாறாமல் வாசித்தார். வரி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. அதைக் கடைப் பையன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உங்க வயசுக்கு அருமையான பார்வை சார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தளத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார். "கண்ணு கழுகு மாதிரி இருக்காம். இப்பவாவது கோளாறு வண்டியிலதான்னு ஒத்துக்கிறீங்களா?"

டாக்டரம்மா, "நான் பல்லுக்குத்தான் டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

"குடு சாவிய. நான் ஓட்டிப் பார்க்குறேன்" என்றார் காத்து.

இருவரும் வண்டியில் ஏறிக் கிடங்கைத் தாண்டிய நேர் சாலைக்குப் போனார்கள். காலை நேரம், ஈ காக்கை இல்லை. காத்து வேகத்தைச் சீராக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். வண்டி நூல் பிடித்தது போலப் போனது. திருப்பி எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பார்த்தார். அப்போதும் அதேதான். பிரேக் அடித்துப் பார்த்தார். நேராக நின்றது.

வண்டியை ஓரங்கட்டினார். கைக்குட்டையை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?" என்றார் லிஃப்ட்காரர்.

"வண்டி நல்லா இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலையே." காத்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு ஓட்டாம இரேன். கம்பெனி வேன் இருக்குல்ல, அதுல போ."

லிஃப்ட்காரர் கீழே இறங்கி, சுற்றி வந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நின்றார். காத்து இறங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் ஒரு இடத்தில் காத்துவின் கை தன்னையறியாமல் ஸ்டியரிங்கை நோக்கி எழும்பி மறுபடி மடியில் விழுந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்க்கவில்லை. காத்து இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு கொஞ்ச காலம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போகவில்லை. வேறு ஒரு கடையில் கொடுத்து நான்கு டயரையும் புதுசாக மாற்றினார். சிநேகிதன் கடை இருக்க இன்னொருத்தன் கடைக்குப் போனது காத்துவின் காதுக்கும் எட்டியது. மனைவிக்கு மனம் கேட்கவில்லை. தலைவலி என்று அவர் அடிக்கடி படுத்துக்கொள்வதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் எல்லோரும் வரிசையாக அணைக்கட்டுவரை வண்டி ஓட்டிப் போகும் நாள் வந்தபோது, "நீங்க போகலைன்னா ஒரு சின்ன விஷயம் பகையா வளந்துரும். நானும் வர்றேன், வாங்க" என்று அவள்தான் கிளப்பினாள்.

வானம் மூடியிருந்தது. மழை வரவில்லை. முன்னால் டாக்டரம்மாவின் வண்டி, அதற்குப் பின்னால் மைலேஜ், பிறகு லிஃப்ட்காரர், கடைசியில் காத்து. ஊரைத் தாண்டியதும் சாலை வெறிச்சென்று கிடந்தது. மனைவி மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, மகன் தொலைபேசியில் சொன்ன ஏதோ ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தார். தலைவலிகூட அன்று இல்லை.

முன்னால் போன இரண்டு வண்டிகளும் ஒரு இடத்தில் வலப்பக்கம் விலகிப் போயின. அவர் நேரே போனார்.

"என்னங்க, லாரி" என்றாள் மனைவி.

பழுதாகி இடது ஓரத்தில் நின்ற லாரி அது. பின்னால் கல் அடுக்கி, மரக்கிளை செருகியிருந்தார்கள். அவளுக்கு ரொம்ப தூரத்திலிருந்தே அது தெரிந்துகொண்டு வந்தது. அவரும் பார்த்திருப்பார் என்றுதான் கதையைத் தொடர்ந்தாள்.

"லாரிங்க. லாரி நிக்குது."

"எங்க?" என்றார் அவர்.

அந்த ஒற்றைச் சொல்லை அவள் பிறகு ஆயுசுக்கும் மறக்கவில்லை. பதற்றமே இல்லாத குரல். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட குரல். பிரேக்கில் கால்கூட வைக்கவில்லை. அவள் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். முழுசாகப் போய்ச் சொருகியிருக்க வேண்டிய வண்டி, லாரியின் மூலையில் இடப்பக்கம் முழுவதையும் கிழித்துக்கொண்டு போய், சுழன்று, சாலையின் குறுக்கே நின்றது.

பின்னால் வந்த காத்துதான் முதலில் ஓடிவந்தார். லிஃப்ட்காரர் நெற்றியில் ரத்தத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வெறுமையாகக் கிடந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயர் வெடிச்சிருச்சா?" என்று கேட்டார்.

காத்து நசுங்கிய கதவைப் பெயர்க்க இரும்புக் கம்பி தேடி ஓடினார். லிஃப்ட்காரரின் மனைவி அந்தக் கதவுக்குள் இருந்தாள், நினைவோடு, சத்தம் போடாமல்.

அவளுக்குத் தோள்பட்டையும் முன்கையும் முறிந்திருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். லிஃப்ட்காரருக்கு நெற்றியில் தையல் மட்டும் போட்டார்கள். தையல் போட்ட இளம் டாக்டர், கட்டிலிலிருந்து எழுந்த அவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டதைப் பார்த்தார். இடித்துவிட்டு அவர் கதவைத் திட்டியதையும் கேட்டார். "ஒரு நிமிஷம் உட்காருங்க ஐயா" என்றார். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை நீட்டினார்.

"எத்தனை விரல் தெரியுது?"

"ரெண்டு."

"இந்தக் கையில?"

"எந்தக் கையில? ஒரு கையத்தானே காட்டுறீங்க."

டாக்டர் கையை மெதுவாக இறக்கினார். பிறகு மிகவும் சாதாரணமான குரலில், தலையைப் படம் எடுக்கிற அறைக்கு எந்த வழியாகப் போகவேண்டும் என்று சொன்னார். கூடவே ஒரு ஆளையும் அனுப்பினார்.

தலைக்குள் வலப்பக்கம், பின்னால் ஒதுங்கி, கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. கெட்ட கட்டி இல்லை. மெதுவாக வளர்கிற ரகம். கண் இரண்டும் பழுதில்லை. கண் கொண்டுவந்து கொடுப்பதில் இடது பாதியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய மூளைப் பகுதியைத்தான் அது நெரித்துவிட்டிருந்தது. இருட்டாகத் தெரிந்திருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார் என்றார் பெரிய டாக்டர். இருட்டு இல்லை, இடது பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குள் அழிந்துபோயிருந்தது. இல்லாததைத் தேட யாருக்குத் தோன்றும்?

அறுவை நடந்தது. பிழைத்துக்கொண்டார். போன பாதி மட்டும் திரும்பவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகவேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்காரவைத்தது. ஓட்டுநர் உரிமத்தை அவராகவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மனைவியின் கை கூடிவிட்டது. துணியைத் தூக்கிப் பிடிக்கும்போது மட்டும் நடுங்கும். அவள் ஒரு வார்த்தை பழி சொல்லவில்லை. அது அவரை இன்னும் வாட்டியது.

"உன்னை நான் பார்க்கவே இல்லடி. பக்கத்துலயே இருந்திருக்க" என்றார் ஒருநாள்.

"நான் பேசிக்கிட்டுதானே இருந்தேன். அது கேட்டுச்சுல்ல, விடுங்க" என்றாள்.

காத்து தினமும் வருவார். வந்து கடைக் கதை, வண்டிக் கதை எல்லாம் பேசுவார். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு, "அன்னைக்கே நான் தெளிவாச் சொல்லியிருக்கணும். உன் மனசு கஷ்டப்படுமேன்னு முழுங்கிட்டேன்" என்றார்.

"சொல்லியிருந்தா உன்னை அடிச்சிருப்பேன்" என்றார் லிஃப்ட்காரர். அது உண்மை என்று இருவருக்கும் தெரியும்.

அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. கட்டி எத்தனை நாளாக இருந்தது என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம் என்றார்கள். அத்தனை நாளும் அவர் தினசரி ஓட்டிப் போயிருக்கிறார். பள்ளி விடுகிற நேரத்தில், சந்தை கூடுகிற நேரத்தில், மழையில். அந்தத் தெருக்களின் இடது பக்கத்தில் என்னென்ன இருந்தன என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"நான் தினம் வேலைக்கு ஓட்டிட்டுப் போன ரோட்டுல ஒரு தடவை நடந்து போகணும்" என்று காத்துவிடம் சொன்னார்.

"எதுக்கு?"

"பார்க்கணும். அவ்வளவுதான்."

ஒரு மாலையில் இருவரும் நடந்தார்கள். லிஃப்ட்காரர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பித் திருப்பி நடந்தார். ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தடியில் செருப்பு தைக்கிற ஒருவர் காலைத் தெருவை நோக்கி நீட்டியபடி வேலை செய்துகொண்டிருந்தார். குழந்தைகள் காப்பகம் ஒன்று, வாசலில் வண்ண வண்ணமாக மிருகங்கள் வரைந்து. "இது எப்ப வந்துச்சு?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எல்லாம் அங்கேயே இருந்திருக்கும் என்று இப்போது தெரியும்.

சாலை வளைகிற இடத்தில் ஒரு சிறிய வீடு. வெளிவாசலின் தூண் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே செங்கல் பெயர்ந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தூணின் இடுப்பு உயரத்தில் அடர்நீலமாக ஒரு நீண்ட தீற்றல்.

லிஃப்ட்காரர் நின்றுவிட்டார். காத்து, "வா, போலாம்" என்று தோளைத் தொட்டார். அவர் நகரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரப் பார்க்கணும்?"

"இந்தத் தூண் எப்படிம்மா சாஞ்சுது?"

"எவனோ ஒரு பாவி கார்ல வந்து மோதிட்டுப் போயிட்டான். போன மழைக் காலத்துல. காலங்காத்தால." அவள் சொல்லிச் சொல்லிப் பழகிய வேகத்தில் சொன்னாள். "நின்னுகூடப் பார்க்கல. என் பொண்ணு தினம் இந்தத் தூண்ல சாஞ்சுக்கிட்டுதான் ஸ்கூல் வேனுக்கு நிப்பா. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், அனுப்பல. தூண் சரிஞ்ச சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தா, வண்டி அது பாட்டுக்குப் போகுது."

லிஃப்ட்காரர் நினைவைத் துழாவினார். ஒரு அதிர்வு, ஒரு சத்தம், எதையாவது. ஒரு பள்ளம் என்று நினைத்திருப்பார். வண்டி இழுக்கிறது என்று நினைத்திருப்பார். ஒன்றும் அகப்படவில்லை. அது மற்ற எல்லா நாட்களையும் போன்ற ஒரு நாளாகத்தான் அவருக்குள் போயிருந்தது.

"நான்தாம்மா" என்றார். "என் வண்டிதான் அது. மோதுனதே எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், காத்துவைப் பார்த்தாள். "தெரியாதுன்னா? தூணையே சாய்ச்சிருக்கீங்க. தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

அவர் சொன்னார். தலைக்குள் இருந்த கட்டியை, போன பாதியை, லாரியை, மனைவியின் கையை, எல்லாவற்றையும். வார்த்தை கோவையாக வரவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கொத்தனாரை அழைத்துவந்து தூணைத் தானே கட்டித் தருவதாக அவர் சொன்னபோது, "கட்டிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவள் பார்வை அவருடைய இடப்பக்கத்துக்குப் போனது.

"நீ ஏண்டி அங்க நிக்கிற? உள்ள வா."

லிஃப்ட்காரர் கழுத்தைத் திருப்பினார். அவருடைய முழங்கையிலிருந்து ஒரு முழம் தள்ளி, சீருடை போட்ட ஒரு சிறுமி, புத்தகப் பையின் பட்டையைக் கடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வேனிலிருந்து இறங்கி வந்திருக்கவேண்டும். அவர் சொன்னதை முதலிலிருந்து கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள் போல. அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பவும் என்னைத் தெரியலையா?" என்றாள்.

"இப்ப தெரியுதும்மா" என்றார் அவர். தலையை முன்னால் திருப்ப அவருக்குப் பயமாக இருந்தது. திருப்பினால் அந்தப் பிள்ளை இல்லாமல் போய்விடுவாள். அவள் தாயிடம் ஓடி, கதவு சாத்தப்படும்வரை அப்படியே கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றார். காத்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் வந்த வழியே மெதுவாகத் திரும்பினார்கள்.